மூல ஓலை

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் சைவர்களுக்கு ஒரு வழக்கு நினைவுக்கு வரும். சாஸ்திரம் படித்தவர்களுக்கு மெய்கண்டார் நினைவுக்கு வருவார். கம்பனில் தோய்ந்தவர்களுக்குச் சடையப்ப வள்ளல். எனக்கோ சில காலமாக அந்த ஊர்ப் பேரைக் கேட்டால், ஓட்டுக் கூரையைச் செப்பனிட மேஸ்திரிகள் எழுதிக் கொடுக்கும் எஸ்டிமேட் காகிதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இது என்ன பொருத்தம் என்று கேட்பீர்கள். பொருத்தம் இருக்கிறது. அந்தப் பழைய வழக்கே ஒருவர் நீட்டிய ஓலையை நம்புவதா, வேண்டாமா என்பதைப் பற்றியதுதானே!

கதை தெரிந்த கதைதான். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். கிழவர் ஒருவர் வந்து, "இவன் என் அடிமை, இவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் கோபத்தில் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு கிழவரின் ஊரான திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று அங்கே கிழவர் சொல்கிறார்.

இதற்குப் பிறகு சபையார் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் எதனால் நிரூபிக்கிறாய் என்று கேட்டார்கள். அதாவது, நெடுநாள் வழக்கமா, எழுத்தா, சாட்சியா? மூல ஓலை வந்ததும் கரணத்தானை விட்டு வாசிக்கச் சொன்னார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்க்க வைத்தார்கள். அதோடும் விடவில்லை. பாட்டனார் வேறு சமயத்தில் எழுதிய ஓலை ஒன்றைக் காப்பிலிருந்து எடுத்து வந்து, இரண்டு எழுத்தையும் ஒத்துப் பார்த்தார்கள். கிழவர் பக்கம் தீர்ப்பாயிற்று. அப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது: "இந்த ஊர்தான் என்கிறீரே, உம்முடைய வீடு எங்கே? காட்டும்!"

இதைச் சேக்கிழார் எழுதியது 12ஆம் நூற்றாண்டில். அவர் வர்ணித்த விசாரணை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. சோழர் கல்வெட்டுக்களில் 'ஆவணக்களரி' என்ற சொல்லே வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னை, 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததாகக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். இவ்வளவு பொன் என்று சொன்னால் போதாது, எந்தக் கல்லால் நிறுத்தது என்றும் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். கூரைக் கணக்கும் நமக்குப் புதிதல்ல. சிதம்பரத்துப் பொன்னம்பலத்தில் 21,600 ஓடுகள், 72,000 ஆணிகள் என்று மரபு எண்ணிச் சொல்கிறது. தத்துவப் பொருள் எதுவானாலும், ஓட்டையும் ஆணியையும் தனித்தனியே எண்ணியிருக்கிறார்கள் அல்லவா?

நம் வீட்டுக் கூரைக்கு வருவோம். நாட்டு ஓடு போட்ட காலத்தில் மழைக்கு முன்னால் ஓட்டைப் பிரித்து அடுக்குவது வழக்கம். யார் வருவார், என்ன கூலி என்பது ஊருக்கே தெரியும். அதுதான் 'ஆட்சி'. 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்தார்கள். அந்தச் சீமை ஓடு மெள்ள மெள்ள நம் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது. இன்று ஓட்டு வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஊரறிந்த கூலி என்பதும் போய்விட்டது. ஆகவே காகிதத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதுவும் எப்படிப்பட்ட வேளையில்! 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை கரை புரண்டது. ஊரெல்லாம் கூரை உடைந்து கிடக்கும்போது, முதலில் வருகிற மேஸ்திரியின் காலில் விழத் தோன்றுமே தவிர, அவர் கணக்கைப் பார்க்கத் தோன்றுமா?

எனக்கு வேண்டிய ஓர் அம்மாள் அந்தப் பக்கத்தில் இருக்கிறார். கணவர் விட்டுப்போன பணத்தில் மிச்சம் இருந்தது கூரைக்குத்தான் காணும். இரண்டு எஸ்டிமேட் வந்தன. ஒன்றில் ஒரே வரி: "கூரை ரிப்பேர், சாமான் கூலி சேர்த்து", கீழே ஒரு தொகை. மற்றதில் ஒரு பக்கம் நிறைய அயிட்டங்கள், தொகையும் கூடுதல். "இவன் கொள்ளைக்காரன், கிழித்துப் போடுங்கள்" என்றார்கள் அண்டை வீட்டார். அந்த அம்மாள் கிழிக்கவில்லை. அந்தப் பட்டியலை முதல் மேஸ்திரியிடம் காட்டி, "இதே வேலைகளுக்கு நீங்களும் தனித்தனியே எழுதுங்கள்" என்றார். அவர் எழுதியபோதுதான் சங்கதி வெளிவந்தது. கூரை ஓரத்து மரம் அவர் கணக்கில் இல்லை. இரண்டு சரிவுகள் கூடும் இடத்துத் தகரமும் இல்லை. அவற்றைச் சேர்த்ததும் இரண்டு தொகைகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. இரண்டு எழுத்தை ஒத்துப் பார்ப்பது என்பது இதுதான்.

ஒத்துப் பார்க்க அளவு தெரிய வேண்டும். 100 சதுர அடி ஒரு 'சதுரம்'. சீமை ஓடு ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ 130 முதல் 150 வரை பிடிக்கும். தரையை அளந்து கூரையைக் கணக்கிடக் கூடாது. சரிவு 30 பாகை என்றால், 600 சதுர அடித் தரைக்கு மேலே கூரை ஏறக்குறைய 690 சதுர அடி வரும். வெளியே நீட்டிய இறவாரம் தனி. ஆகவே மேஸ்திரி 7 சதுரம், 1,000 ஓடு என்று எழுதினால் கோபித்துக் கொள்ளாதீர்கள். 2,000 என்று எழுதினால் காரணம் கேளுங்கள். உடையாத பழைய ஓடுகள் எத்தனை திரும்பப் போடலாம் என்றும் கேளுங்கள்.

மரம் வேறு விஷயம். கைமரம் பெரும்பாலும் தண்ணீர் சொட்டும் நுனியிலேதான் முதலில் உளுக்கும். ஓட்டைப் பிரிக்காமல் யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நல்ல மேஸ்திரி அங்கே மொத்தத் தொகை எழுத மாட்டார். மரம் அடிக்கு இவ்வளவு என்று விலை எழுதிவிட்டு, பிரித்த பிறகு உங்களை மேலே ஏறிப் பார்க்கச் சொல்வார். அது ஏமாற்று அல்ல, நேர்மை. இதற்கு முன் அவர் கூரை போட்ட இரண்டு வீடுகளை மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். அயலார் காட்சி அது. வழக்கமான விலைக்குப் பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியல் இருக்கிறது.

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் செல்லும். ஆனால் நிரூபிக்க எழுத்து வேண்டும். வீடு கட்டும் வேலையை 1993-இல் நுகர்வோர் சட்டத்தில் சேர்த்தார்கள். 2019-இல் வந்த புதுச் சட்டத்திலும் அது உண்டு. அங்கே போனாலும் முதலில் கேட்பது கையெழுத்துப் போட்ட காகிதத்தைத்தான். கிழவரைப் போல மூல ஓலையை நீங்கள் வைத்துக் கொண்டு, படியை மேஸ்திரிக்குக் கொடுங்கள். பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். கடைசித் தவணை ஐப்பசி மழை ஒன்று பெய்த பிறகு.

கம்பர் குடிசை ஒழுகியபோது வனதுர்க்கை வந்து நெற்கதிரால் வேய்ந்தாள் என்று கதிராமங்கலத்தில் சொல்வார்கள். அவருக்கு எஸ்டிமேட் தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் தீர்ப்பல்ல. சந்தேகப்பட்டுக் கிழிப்பதும் தீர்ப்பல்ல. சுந்தரர் கிழித்த ஓலை கடைசியில் மெய்யாகத்தானே இருந்தது?

சபையாரின் கடைசிக் கேள்வியை மட்டும் மறந்துவிடாதீர்கள். வீட்டைக் காட்டச் சொன்னதும் கிழவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துவிட்டார். அவர் இறைவன். முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிறவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆகையால் வீடு எங்கே என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.