தங்கால் பொற்கொல்லனும் தீப்பெட்டிப் படமும்

சிவகாசியை அடுத்துச் சிறு குன்றின்மீது நின்ற நாராயணப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருத்தங்கல், 108 திவ்ய தேசங்களுள் ஒன்று என்ற வகையில் பக்தர்களிடையே பிரசித்தமானது. ஆனால், சங்கத் தொகை நூல்களில் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்றொரு புலவர் பெயர் வருவதையும், அந்தத் தங்கால் இவ்வூரே என்று அறிஞர் கொள்வதையும் நினைப்பவர் சிலரே. உலைமுன் அமர்ந்து பொன்னை உருக்கிய கைகளே அகப்பாட்டும் புறப்பாட்டும் இயற்றின என்பது எனக்கு ஓயாத ஆனந்தம் தரும் செய்தி.

அவர் காலத்துக்கு வெகு பின்னர், மழை பொய்த்த இந்தக் கரிசல் பூமியிலிருந்து 1922-இல் கல்கத்தாவுக்குப் பிரயாணம் செய்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதைத் தொடங்கியபோது, கூடவே சித்திரக்கலையும் ஊருக்குள் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கடையில் படத்தைச் சொல்லித்தானே தீப்பெட்டி கேட்பார்கள்! ஆகவே புலியும் மயிலும், சாவியும் கத்தரிக்கோலும், கோபுரமும் தெய்வமும், கண்ணில் பட்ட யாவும் கட்டைவிரல் அகலக் காகிதத்தில் குடியேறின. லேபிளுக்காக வந்த லித்தோ என்னும் கல் அச்சில், வண்ணத்துக்கு ஒரு கல்லாக, உருவத்தை இடம்வலம் மாற்றித் தீட்ட வேண்டும். அந்த நுண்ணிய வேலையைச் செய்தவர்களின் பெயரை எந்தப் பெட்டியும் தாங்கவில்லை.

பெயர் நிலைத்தவர் ஓவியர் கொண்டையராஜு. 1898-இல் பிறந்து, சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சிலகாலம் தங்கி, பின்பு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிவந்த அவர், அக்கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோனதும் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் தீட்டிய லக்ஷ்மியும் முருகனும் சிவகாசியில் அச்சேறி, காலண்டராகத் தமிழர் வீடுதோறும் சுவரேறினர். அந்தப் படங்களை நிதானமாகப் பாருங்கள்: தேவியின் முகத்தில் ரவிவர்மாவின் சாயல்; ஆபரணங்களில் தஞ்சாவூர் ஓவியத்தின் செழிப்பு; பின்னாலுள்ள மண்டபமும் தடாகமும் தூரத்து மலையுமோ நாடக மேடையின் திரைச்சீலையேதான். மேடை அழிந்தது, திரை மட்டும் தெய்வங்களுக்குப் பின்னே விரிந்தபடியே இருக்கிறது. இதனை நகல் என்று இகழ்ந்த கலை விமரிசகர்களோடு நான் உடன்படேன். கேட்டதையும் கண்டதையும் தன் கைப்பழக்கத்தில் கரைத்து, ஏழையின் சுவருக்கும் ஏற்ற வடிவத்தில் வார்ப்பதும் சிருஷ்டியே. கொண்டையராஜு 1976-இல் மறைந்தார்.

சிறுவயதில் தெருவில் பொறுக்கிச் சேர்த்த தீப்பெட்டிப் படங்களோ, ஆண்டு கழிந்த பழைய காலண்டரோ உங்கள் வீட்டுப் பரணில் இருக்குமானால், தயவுசெய்து அவற்றைக் குப்பையோடு எரித்துவிடாதீர்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரோ ஓவியரின் கையொப்பமோ இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.