பல்லாவரம் சந்தைக் கடிகாரத்துக்கு என்ன வயசு?

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருக்கீங்களா? செடி, பழைய இரும்பு, கிராமபோன் எல்லாத்துக்கும் நடுவுல ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் எடுத்துப் பாருங்க. "நூத்தம்பது வருஷம் சார், வெள்ளைக்காரன் காலத்துது" என்பார் கடைக்காரர். நம்பலாமா?

முகப்பில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று இருக்கலாம். மவுண்ட் ரோட்டில் 1879-ல் கட்டடம் எழுப்பிய பிரபல கடை. ஆனா அது பெரும்பாலும் விற்றவர் பேர்தான். வெளிநாட்டு மெஷினை வரவழைச்சு, முகப்பில் கடைப் பேரைப் போடுறது அந்தக் கால வழக்கம்.

செய்தவர் யாருன்னு தெரியணுமா? மெஷினோட பின்பக்கப் பித்தளைத் தகட்டைப் பாருங்க. நங்கூரமும் ஜி.பி. எழுத்துகளும் இருந்தா, அது குஸ்தாவ் பெக்கர். 1847-ல் ஃப்ரைபுர்க் என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி. அந்த ஊர் இன்னைக்குப் போலந்தில் இருக்கு. செய்த மெஷின்களுக்கு வரிசையா எண் குத்தினாங்க. 1875-ல் 1 லட்சம். 1892-ல் 10 லட்சம். உங்க தகட்டில் 6 லட்சம்னு இருந்தா, பிறந்த வருஷம் அந்த ரெண்டுக்கும் நடுவில். கடைக்காரர் ரொம்பவும் அளந்துவிடலை! 12 லட்சம்னா, 1892-க்குப் பிறகு.

ரெண்டு விஷயத்தில் ஏமாறக்கூடாது. பெக்கரோட பிரௌனாவ் கிளைக்குத் தனி எண் வரிசை உண்டு. அதனால சின்ன எண்ணைப் பார்த்ததும் ரொம்பப் பழசுன்னு முடிவு கட்டாதீங்க. இன்னொண்ணு, எண் சொல்றது மெஷினோட வயசை மட்டும்தான். மரப்பெட்டியைப் பிறகு மாத்தியிருக்கலாம்.

இதெல்லாம் எதுக்குன்னு கேக்கலாம். தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் பழைய வீட்டை இடிச்சு அடுக்ககம் கட்டும்போது, தாத்தா கடிகாரமும் பழைய சாமானோட சாமானா மூட்டையில் போயிடுது. தகட்டை யாரும் திருப்பிப் பார்க்கிறதில்லை.

திருப்பினா என்ன தெரியும்? 1906 ஜனவரி 1-ல் இந்தியாவுக்குப் பொதுவான நேரம் வந்தது. அதுக்கு முன்னால இங்கே மெட்ராஸ் நேரம். இப்போதைய நேரத்தைவிட ஏறக்குறைய 9 நிமிஷம் பின்னால ஓடினது. உங்க கடிகாரம் அதுக்கு முன்னாடியே இந்த ஊருக்கு வந்திருந்தா, யாரோ ஒருத்தர் ஸ்டூல் போட்டு ஏறி, அதோட முள்ளை 9 நிமிஷம் முன்னால தள்ளி வச்சிருப்பார். அது உங்க கொள்ளுத் தாத்தாவாகவும் இருக்கலாம். விக்கிறதுக்கு முன்னால, அந்த எண்ணையாவது குறிச்சு வச்சுக்கோங்க.