ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் உணவுகள்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் உடன்படிக்கைகளையுமே விரித்துரைப்பர். ஆயின், படைக்கலத்தால் மாண்டாரினும் உணவுக் குறையால் மாண்டார் மிக்கிருந்த காலங்களும் உள. கடலோடிகளை நூற்றாண்டுக் கணக்கில் வாட்டிய ஸ்கேவி என்னும் நோயின் வரலாறு அத்தகையது. ஒட்சியேற்ற எதிரிகள் என இன்று வழங்கும் பொருள்களைப் பற்றிய அறிவு, அந்நோயை வெல்ல எடுத்த முயற்சியோடு பின்னிப் பிணைந்தது. ஆதலின், அப்பொருள்கள் உடல்நலத்தை எவ்வாறு பேணுகின்றன, அவற்றை எங்கிருந்து பெறுதல் தகும் என்னும் வினாக்களுக்கு விடை காண விழைவோர் கப்பற்றளத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

1497 ஆம் ஆண்டு போர்த்துக்கல்லினின்றும் புறப்பட்ட வாஸ்கோ ட காமா 1498 இல் கோழிக்கோட்டை அடைந்தான். திரும்புங்கால் அரபிக் கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் சென்றன. மாலுமிகளின் முரசு வீங்கிப் பல்லை மூடிற்று, கால்கள் கனத்தன, உணவை மெல்லவும் இயலாது பலர் மாண்டனர். எஞ்சியோர் மூன்று கப்பல்களைச் செலுத்தப் போதாமையால், 1499 இல் கிழக்காபிரிக்கக் கரையில் ஒரு கப்பலைத் தம் கையாலேயே எரிக்க வேண்டியதாயிற்று. இரண்டரை நூற்றாண்டு கழிந்தும் நிலைமை மாறிற்றில்லை. 1740 இல் ஆங்கிலேயத் தளபதி ஜோர்ஜ் ஆன்சனுடன் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஏறக்குறைய 1,900 பேரில் ஆயிரவருக்கும் மேற்பட்டோர் மீளவில்லை. அவருள் பகைவர் கையால் மடிந்தோர் மிகச் சிலரே.

இப்பேரிழப்பின் பின்னரே ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் தம் புகழ்பெற்ற சோதனையைச் செய்தார். 1747 மே மாதத்தில் சோல்ஸ்பரி என்னும் போர்க்கப்பலில், ஒத்த நிலையிலிருந்த 12 நோயாளரைத் தெரிந்து, இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். அனைவருக்கும் பொது உணவு ஒன்றே. அதன்மேல் ஒரு பிரிவினர்க்கு அப்பிள் மது, ஒரு பிரிவினர்க்குக் கந்தக அமிலக் கலவை, ஒரு பிரிவினர்க்கு வினாகிரி, ஒரு பிரிவினர்க்குக் கடல்நீர், ஒரு பிரிவினர்க்கு உள்ளி கடுகு முதலியன சேர்ந்த இலேகியம் ஆகியன அளிக்கப்பட்டன. எஞ்சிய இருவர் நாடோறும் இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் பெற்றனர். பழங்கள் ஆறு நாளில் தீர்ந்துவிட்டன. எனினும் அவ்விருவருள் ஒருவர் அதற்குள் கடமைக்குத் திரும்பும் நிலையை எய்தினார். மற்றவர் ஏனைய நோயாளரைப் பேணும் அளவிற்குத் தேறினார்.

உண்மை இவ்வளவு தெளிவாகப் புலப்பட்ட பின்னரும் மாலுமிகள் தொடர்ந்து மாண்டனர் என்பதே இவ்வரலாற்றின் சோகம். லிண்ட் 1753 இல் வெளியிட்ட நூலில் பழச்சாற்றைக் காய்ச்சிக் குழம்பாக்கிச் சேமிக்கும் முறையையும் கூறினார். பழத்தை நோக்கி நீண்ட கையே அதன் பயனைத் தட்டிவிட்டது; ஏனெனில் நோய் தீர்க்கும் பொருள் நெடுநேர வெப்பத்தால் அழியும் இயல்பினது. அது எப்பொருள் என்பதை அக்காலத்தில் ஒருவரும் அறிந்திலர். கில்பேட் பிளேன் முதலியோரின் முயற்சியால், சோதனை நிகழ்ந்து 48 ஆண்டுகளின் பின், 1795 இலேயே பிரித்தானியக் கடற்படை எலுமிச்சஞ்சாற்றைப் பொதுவாக வழங்க இசைந்தது. லிண்ட் அதற்கு முந்திய ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

பெற்ற அறிவை மீண்டும் இழத்தலும் உண்டு. 1860 களில் மத்தியதரைக் கடற்பகுதி எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் தேசிச்சாறு கடற்படைக்கு வரலாயிற்று. இரண்டும் புளிப்பன, ஆகவே இரண்டும் ஒன்றே என அதிகாரிகள் கருதினர். தேசியில் நோய் தடுக்கும் ஆற்றல் மிகக் குறைவு. சேமித்து வைத்த சாற்றில் அது மேலும் குன்றும். நீராவிக் கப்பல்கள் பயணத்தைச் சுருக்கியமையால் இக்குறை சிலகாலம் வெளிப்படவில்லை. 1875 இல் நேர்ஸ் என்பாரின் தலைமையில் வடதுருவம் நோக்கிச் சென்ற குழுவினர் தேசிச்சாற்றைக் கொண்டிருந்தும் ஸ்கேவியால் வருந்தி மறு ஆண்டே திரும்பினர். அதன்பின் வைத்தியர் பலர் பழச்சாற்றிலேயே நம்பிக்கை இழந்து, கெட்டுப்போன இறைச்சியே நோய்க்குக் காரணம் எனக் கொள்ளலாயினர். காரணத்தை அறியாது கைக்கொண்ட உண்மை எத்துணை எளிதிற் கைநழுவும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

தெளிவு ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1907 இல் நோர்வே நாட்டு ஹோல்ஸ்ட், புரோலிக் என்னும் இருவர், தானியம் மட்டும் உண்ட கினிப்பன்றிகளுக்கு ஸ்கேவி தோன்றுதலைக் கண்டனர். பெரும்பாலான விலங்குகள் தமக்கு வேண்டிய அச்சத்தைத் தாமே ஆக்கிக்கொள்ளும். மனிதனும் கினிப்பன்றியும் அவ்வாற்றல் அற்றன. 1912 இல் காசிமிர் பங்க் விற்றமின் என்னும் பெயரை ஆக்கினார். ஹங்கேரிய அறிஞர் ஆல்பேட் சென்ற்-ஜோர்ஜியின் ஆய்வோ வேறொரு வினாவிற் பிறந்தது. வெட்டிய கனிகள் சில காற்றுப்பட்டுக் கபில நிறமாவதும், எலுமிச்சை போன்றவை அவ்வாறு மாறாதிருப்பதும் ஏன் என அவர் ஆராய்ந்தார். 1928 இல் அதிரீனற் சுரப்பியினின்றும் ஒட்சியேற்றத்தைத் தாமதிக்கும் அமிலமொன்றைப் பிரித்தெடுத்தார். 1932 இல் அவரும், அமெரிக்காவில் சார்ள்ஸ் கிங் என்பாரும், ஸ்கேவியைத் தடுக்கும் விற்றமின் சீ அதுவே என நிறுவினர். செகெட் நகரத்துச் சிவப்பு மிளகாய் அதனைப் பெருமளவில் அளித்தது. 1937 இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

இனி, ஒட்சியேற்றம் உடலில் விளைக்கும் தீங்கினை நோக்குதல் வேண்டும். உயிர் வாழ ஒட்சிசன் இன்றியமையாதது. ஆயினும் கலங்கள் அதனைப் பயன்படுத்துங்கால், துணையற்ற இலத்திரனை உடைய மூலக்கூறுகள் சில தோன்றுகின்றன. சுயாதீன மூலிகங்கள் எனப்படும் இவை அயல் மூலக்கூற்றின் இலத்திரனைப் பறிக்கும். பறிகொடுத்தது வேறொன்றிற் பறிக்கும். இவ்வாறு கேடு தொடரும். ஒட்சியேற்ற எதிரி தன் இலத்திரனைத் தானே ஈந்து அத்தொடரை அறுக்கிறது. 1922 இல் இவான்ஸ், பிஷப் ஆகியோர் கண்டறிந்த விற்றமின் ஈ, கலமென்சவ்வின் கொழுப்பில் நின்று காவல் புரிகிறது. விற்றமின் சீ நீர்ப்பகுதியில் நின்று, செயலிழந்த விற்றமின் ஈயையும் மீட்கிறது. இலத்திரன் ஈயும் இதே இயல்பாலேயே விற்றமின் சீ, இழையங்களைப் பிணைக்கும் கொலாஜினை ஆக்கும் நொதியங்களையும் இயக்க நிலையிற் பேணுகிறது. அஃதின்மையாலன்றோ மாலுமிகளின் முரசு சிதைந்தது.

1956 இல் டென்ஹம் ஹார்மன் மூப்பிற்கே சுயாதீன மூலிகங்கள் காரணமாகலாம் என்னும் கருதுகோளை வெளியிட்டார். 1969 இல் மக்கோட், பிரிடோவிச் ஆகியோர் அவற்றுள் ஒன்றை அழிக்கும் நொதியம் உடலிலேயே உண்டு எனக் காட்டினர். இவற்றால் ஊக்கமுற்றோர், ஒட்சியேற்ற எதிரிகளைச் செறிவாக்கி மாத்திரையாக உட்கொண்டால் நோயும் மூப்பும் அகலும் என எண்ணினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடை நிகழ்ந்த ஆய்வின் முடிவு 1994 இல் வெளிவந்தது. பீற்றா கரோட்டீன் மாத்திரை பெற்றோரிடைச் சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 சதவீதம் மிகுந்திருந்தது. அமெரிக்காவிலும் இத்தகைய ஆய்வொன்று, அதே தீங்கு புலப்பட்டமையால், 1996 இல் இடைநிறுத்தப்பட்டது. சுயாதீன மூலிகங்கள் முற்றிலும் பகையல்ல. வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைக் கொல்ல அவற்றையே படைக்கலமாகக் கொள்கின்றன. அளவிறந்து ஒன்றைப் புகுத்துதல் உடலின் சமநிலையைக் குலைத்தலும் கூடும்.

குறையுற்றார்க்கு விற்றமின் மாத்திரை மருந்தாதல் மெய்யே. ஏனையோர்க்கு உணவே தக்க வாயில். ஸ்கேவியைத் தடுக்க நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் விற்றமின் சீ போதும் என்பது 1944 இல் ஷெபீல்ட் நகரில் தொடங்கிய ஆய்வாற் புலனாயிற்று. உடல்நலம் பேண அதனினும் சில மடங்கு விதந்துரைக்கப்படுகிறது. 100 கிராம் தோடம்பழத்தில் ஏறக்குறைய 50 மில்லிகிராமும், அதே நிறைக் கொய்யாவில் 200 மில்லிகிராமளவும் உண்டு. நெல்லியும் பப்பாசியும் முருங்கையிலையும் இவ்வகையிற் சிறந்தன. கரட், பூசணி, மாம்பழம், பொன்னாங்காணி என்பன கரோட்டீனையும், கச்சானும் ஏனைய கொழுப்புள்ள வித்துகளும் விற்றமின் ஈயையும் அளிப்பன. தேநீரிலும் வேறு வகை ஒட்சியேற்ற எதிரிகள் உள. நாடோறும் 400 கிராமிற்குக் குறையாது காய்கனி உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கிறது.

யாழ்ப்பாணத்து அடுக்களையில் சொதியையும் கீரையையும் அடுப்பினின்றும் இறக்கிய பின்னரே தேசிக்காய்ப்புளி விடுவது வழக்கம். கொதிக்கையில் விட்டாற் கைக்கும் என்பது மூதாட்டியர் கூறும் காரணம். லிண்ட் காய்ச்சி இழந்ததை அவ்வழக்கம் காய்ச்சாது காத்தது. கீரையை அரிந்தபின் கழுவாது, கழுவியபின் அரிதலும் நீரிற் கரையும் சத்தைப் பேணும் முறையாகும்.

பழத்தை விடுத்துக் காய்ச்சிய குழம்பை நம்பியது ஒரு காலம். உணவை விடுத்து மாத்திரையை நம்பியது பிறிதொரு காலம். இரண்டிலும் பிழை ஒன்றே: முழுமையின் பயனைக் கண்டு, அதன் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பயன் முழுவதும் கைவந்ததெனக் கருதியமை. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருந்தினும் உணவின் அளவையே பெரிதும் பேசுவதன் பொருத்தம் இவ்வரலாற்றாலும் விளங்கும். சோல்ஸ்பரிக் கப்பலில் அன்று ஆறு நாளில் தீர்ந்த பழம், இன்று பல வீடுகளின் கோடியிற் கனிந்து பறிப்பாரின்றி உதிர்கின்றது. அதனை எடுத்து உண்ணுதலே ஆயிரக்கணக்கான மாலுமிகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவிற்குச் செய்யும் மதிப்பாகும்.