சாம்பாரும் பங்காளிச் சண்டையும்

போன வாரம் சாப்பிடும்போது மகளுக்குச் சாம்பார் பிறந்த கதையைச் சொன்னேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். சிவாஜியின் மகன் சம்பாஜி தஞ்சாவூருக்கு விருந்தாளியாக வருகிறார். தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஜியின் அடுக்களையில் ஆம்டி என்கிற பருப்புக் குழம்பு தயாராகிறது. அதில் போட வேண்டிய கோகம் கைவசம் இல்லை. நம்மூர்ப் புளியைக் கரைத்து ஊற்றுகிறார்கள். ருசி பிரமாதம். சம்பாஜியின் பெயரால் அது சாம்பார் ஆகிவிட்டது.

"அவங்க ரெண்டு பேரும் சொந்தமாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா, பங்காளிங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. பங்காளி என்றால் சொத்தில் பங்கு கேட்கக்கூடியவன். இந்தக் குடும்பம் அந்தச் சொல்லுக்கு அச்சு அசல் உதாரணம்.

சிவாஜியும் தஞ்சையைப் பிடித்த ஏகோஜியும் ஒரே தந்தைக்குப் பிறந்தவர்கள், தாய் வேறு. சிவாஜி ஜீஜாபாயின் மகன், ஏகோஜி துக்காபாயின் மகன். தந்தை ஷாஹாஜி 1664இல் இறந்தபோது அவருடைய கர்நாடகச் சொத்தெல்லாம் ஏகோஜி கையில் இருந்தது. அப்புறம் பீஜப்பூர் சுல்தானின் தளபதியாகத் தஞ்சைக்கு வந்தார். வந்த வேலை, மதுரை நாயக்கரிடம் தஞ்சையை இழந்த நாயக்க வாரிசுக்கு அதை மீட்டுத் தருவது. கடைசியில் 1676 வாக்கில் அவரே அரியணையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருஷமே அண்ணன் படையோடு தெற்கே வந்துவிட்டார். செஞ்சியைப் பிடித்த கையோடு, 1677 ஜூலையில் கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் தம்பியை வரவழைத்தார். அப்பா சொத்தில் பங்கு கொடு என்பதுதான் பேச்சு. பேச்சு முற்றியதும் ஏகோஜி ஒருநாள் ராத்திரி ஆற்றைக் கடந்து தஞ்சைக்கு ஓடிவிட்டார். சிவாஜி கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்ததை எடுத்துக்கொண்டு, இன்னொரு சகோதரர் சாந்தாஜியைப் பொறுப்பில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். நவம்பரில் ஏகோஜி சாந்தாஜியோடு மோதித் தோற்றார்.

சரி, இது அப்பாக்கள் சண்டை. பிள்ளைகள் விருந்து சாப்பிட்டிருக்கலாமே? மென்பொருளில் பிழை தேடும்போது செய்வதுபோல, இங்கேயும் முதலில் தேதிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்.

ஷாஜி பட்டத்துக்கு வந்தது 1684இல். அப்போது அவருக்குச் சுமார் 12 வயது. சம்பாஜியை முகலாயர் பிடித்துக் கொன்றது 1689இல். நடுவில் இருப்பது 5 வருஷம். அந்த 5 வருஷமும் ஔரங்கசீப் தக்காணத்திலேயே முகாம் போட்டிருந்தார். 1686இல் பீஜப்பூர் விழுந்தது, 1687இல் கோல்கொண்டா விழுந்தது. அடுத்த இலக்கு சம்பாஜிதான். இந்த நிலையில் அவர் தஞ்சாவூர் வரை வந்து, இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெயருக்கும் சம்பாஜி தேவைப்படவில்லை. சம்பாரம் என்றால் தமிழில் கறிமசாலைப் பொருள்கள். கன்னடத்தில் சாம்பார் சாமான், மசாலைச் சாமான். மலையாளத்தில் சம்பாரம் என்றால் இஞ்சி, மிளகாய் தட்டிப் போட்ட மோர். அரைத்துவிட்ட குழம்புக்கு அந்தப் பெயர் வர இளவரசர் யாரும் வந்து சாப்பிட வேண்டியதில்லை.

ஆனால் சம்பாஜியின் வாழ்க்கையில் வரலாறு பேசும் ஒரு சாப்பாடு உண்டு. சிவாஜி 1680 ஏப்ரலில் இறந்ததும், சிற்றன்னை சோயராபாயும் சில மந்திரிகளும் அவளுடைய 10 வயது மகன் ராஜாராமை அரியணையில் ஏற்றினார்கள். சம்பாஜி இரண்டே மாதத்தில் ராய்கட்டைப் பிடித்தார். 1681இல் அவருடைய மீன் சாப்பாட்டில் விஷம் வைத்தார்கள் என்றும், விஷயம் தெரிந்த ஒரு சிறுவன் தடுத்துவிட்டான் என்றும் பம்பாய் ஆங்கிலேய வணிகர்களின் கடிதம் ஒன்று சொல்கிறது. சதியில் சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட மந்திரிகளுக்கு மரண தண்டனை. சோயராபாயும் அந்த வருஷமே செத்துப்போனாள்.

இதை மகளிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய கதை ஒன்று தஞ்சையிலேயே இருக்கிறது.

தோற்றுப்போன ஏகோஜி மனமுடைந்து கிடந்தபோது, அண்ணனோடு சமாதானமாகப் போகச் சொன்னவர் அவர் மனைவி தீபாபாய் என்று மராட்டிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. உடன்படிக்கை ஆயிற்று. தஞ்சை ஏகோஜிக்கே நிலைத்தது. சிவாஜி பெங்களூர்ப் பகுதியைத் தம்பி பெயரில் எழுதவில்லை, தம்பி மனைவி தீபாபாய் பெயரில் எழுதிக் கொடுத்தார். எந்தப் பங்காளிச் சண்டையிலும் இதைவிடப் புத்திசாலித்தனமான தீர்ப்பை நான் பார்த்ததில்லை.

இதே தீபாபாயின் ஆதரவில் இருந்தவர் ரகுநாதர் என்ற பண்டிதர். அரசிக்காக மராத்தியில் எழுதியவர். அவருடைய சமஸ்கிருத நூல் ஒன்றின் பெயர் 'போஜனகுதூகலம்'. தானியம், பருப்பு, காய், பலகாரம், எது உடம்புக்கு என்ன செய்யும் என்றெல்லாம் பேசும் சாப்பாட்டு நூல் அது.

ஆக, தஞ்சை மராட்டியர் வரலாற்றில் அடுக்களைக்கும் அரியணைக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு இருக்கிறது. விருந்துக்கு வராத ஒரு இளவரசரின் பெயரை நாம் தினமும் குழம்போடு சேர்த்துச் சொல்கிறோம். சண்டையை நிறுத்திய, சமையல் நூல் எழுதியவரை ஆதரித்த அரசியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இதைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

நேற்று ராத்திரி மகளிடம் கதையைத் திருத்திச் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். "அப்போ நம்ம சாம்பாரை யாருப்பா கண்டுபிடிச்சது?" என்றாள். அடுப்படியில் நின்ற யாரோ ஒருத்தர்தான், அவங்க பேரை யாரும் எழுதி வைக்கலைன்னு சொன்னேன்.