ஒரே இசை, ஒரே கை, இரு பதிவுகள்

1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலை இசைத்தட்டில் பதித்த பிரெட் கைஸ்பெர்க், தம் பணிக்காலத்தின் இறுதியில் வியன்னாவில் மற்றொரு பதிவை மேற்பார்த்தார். 1938 ஜனவரி 16 அன்று நடந்த கச்சேரி அது. குஸ்தாவ் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை வியன்னா பில்ஹார்மோனிக் வாசிக்க, குழுவை நடத்தியவர் புரூனோ வால்டர். மாலர் இப்படைப்பைக் காதால் கேளாமலே 1911-இல் மறைந்தார். மறு ஆண்டு அதை அரங்கேற்றியவரும் வால்டரே.

1961-இல் கலிபோர்னியாவில், எண்பது வயதைக் கடந்த வால்டர் அதனை மீண்டும் பதிவு செய்தார். முதற்பதிவு ஏறத்தாழ 70 நிமிடம். பிந்தையது 80 நிமிடத்துக்கும் மேல்.

இவ்வேறுபாட்டுக்கு இசைத்தட்டின் பக்க அளவைக் காரணம் காட்டுவதுண்டு. ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிட இசையே அடங்கும் என்பது உண்மை. ஆயினும் இது அவையோர் முன் இடைநிறுத்தமின்றி நிகழ்ந்த கச்சேரி. தட்டுக்காக எவரும் விரைய வேண்டியிருக்கவில்லை. ஹிட்லரின் படை இரு மாதங்களில் ஆஸ்திரியாவுள் நுழைந்தது, வால்டர் யூதர். அவ்வச்சமே வேகத்தில் ஒலிக்கிறது என்பர் வேறு சிலர். பின்னர் அறிந்ததை முன்னரே கேட்டுவிடும் செவி அது, முழுதும் நம்புவதற்கில்லை.

உறுதியான சான்று கம்பிக்கருவிகளில் உள்ளது. 1938-இல் வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்கின்றன. நம் இசையில் ஜாரு எனப்படுவதற்கு நெருக்கமான அசைவு. முதல் வயலின் வரிசைக்குத் தலைமையேற்ற ஆர்னால்ட் ரோஸே, மாலரின் சகோதரியை மணந்தவர். மாலரின் கீழேயே வாசித்தவர். கலிபோர்னியக் கலைஞர்களிடம் அவ்வழுக்கல் அருகிவிட்டது. குறிப்பேடு மாறவில்லை, உச்சரிப்பு மாறிவிட்டது. எழுத்து வட்டார வழக்கைச் சுமப்பதில்லை அல்லவா?

இறுதிப் பகுதியில் இது தெளிவாகும். அதன் தொடக்கம் 'அபைட் வித் மீ' என்னும் கீர்த்தனையின் மெட்டை நினைவூட்டுவது. குடியரசு நாள் விழா நிறைவில் டெல்லியில் நெடுங்காலம் ஒலித்த மெட்டு. கார் நிக்கோபாரின் ஆலயப் பாடகர்களுக்கும் அந்நியமாக இராது. 1961-இல் அது அமைதியான விடைபெறல், ஏறத்தாழ 21 நிமிடம். 1938-இல் 18 நிமிடமே; மென்மையான இடங்களில் அவையோரின் இருமலும் பதிவாகியுள்ளது. ஒலித்தரம் குன்றியதெனினும், மாலரின் காலத்து உச்சரிப்பை அறிய விழைவோர் முதலில் கேட்க வேண்டியது அதையே.

ரோஸே அவ்வாண்டே குழுவிலிருந்து நீக்கப்பட்டு, லண்டனில் தஞ்சம் புகுந்து, 1946-இல் மறைந்தார். அவர் மகள் ஆல்மா, ஆஷ்விட்ஸ் முகாமில் பெண் கைதிகளின் இசைக்குழுவை நடத்தி, 1944-இல் அங்கேயே உயிர்நீத்தார்.