வெயிற்பாட்டுக்கு ஒரு திருத்தம்

என் மாணவர் ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்ப்பதற்காக எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து, திருத்தித் தருமாறு கேட்டார். 2006 டிசம்பரில் வெளிவந்த 'வெயில்' படத்தின் 'வெயிலோடு விளையாடி' என்ற பாடலைப் பற்றியது அது. திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளை அவர். கைப்பட எழுதிய நான்கு பக்கங்கள். சிவப்பு மையைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

'கரிசல் மண் பெற்றெடுத்த கவிஞரின் காலத்தால் அழியாத காவியம்' என்று தொடங்கியிருந்தார். பாடலை எழுதிய நா. முத்துக்குமாரைப் பெற்றது காஞ்சிபுரத்துப் பக்கம். 2016-இல் அவர் மறைந்தபோது நாமெல்லாரும் சொந்தக்காரரை இழந்ததுபோல் வருந்தினோம் என்பது உண்மைதான். அதனால் பிறந்த ஊர் மாறிவிடாது. இசையமைத்த ஜி.வி. பிரகாஷ்குமாருக்கு அது முதற்படம். பாடியவர்களில் வடக்கத்திக்காரரான கைலாஷ் கேரும் மலையாளியான ஜாஸி கிப்டும் உண்டு. விருதுநகரைச் சேர்ந்தவர் இயக்குநர் வசந்தபாலன். ஊர்ப்பெருமையை அவரோடு நிறுத்திக்கொள்ளலாம். 'காலத்தால் அழியாத' என்பதையும் அடித்தேன். பாட்டுக்கு இப்போதுதான் மீசை அரும்பும் வயது. காவியம் என்ற சொல்லை இலக்கணம் படித்தவர் பாட்டுக்குச் சூட்டலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தேன் (கொஞ்சம் கடுமையாகத்தான்). படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற செய்தியோ மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒளிந்து கிடந்தது. அதை மேலே ஏற்றச் சொன்னேன்.

திருத்துகிறவனுக்கு ஒரு போதை உண்டு. அது ஏறும்போதெல்லாம் எனக்குப் பாலவநத்தம் நினைவுக்கு வரும். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் உள்ள ஊர். அதன் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்தாம் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். ஸ்காட் என்ற வெள்ளைக்காரர், எதுகை சரியில்லை என்று திருக்குறளின் சொற்களை மாற்றித் 'திருத்தி' அச்சிட்டாராம். தேவர் அந்தப் பிரதிகளை எல்லாம் விலைக்கு வாங்கித் தீயிட்டார் என்று தமிழாசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். திருத்தத்துக்குச் செய்யப்பட்ட திருத்தங்களில் இதைவிடச் சூடானது இருக்க முடியாது.

அதே தேவர்தாம் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி'யைக் காப்பாற்றினார். சென்னையில் தமிழாசிரியராக இருந்த முதலியார் பல்லாண்டுகள் தனியாளாகத் தொகுத்த கலைக்களஞ்சியம் அது. அச்சிட ஆளில்லாமல் அவர் அலைந்தபோது கைகொடுத்தது பாலவநத்தம். 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. மறு ஆண்டே தேவர் காலமானார். வானம் பார்த்த பூமியின் வருவாய் தமிழின் பெரும் தொகுப்பு நூலொன்றுக்குக் காகிதமும் மையுமாகியிருக்கிறது. ஆனால் அந்த நூலைப் புரட்டினால் தேவர்களும் முனிவர்களும் புலவர்களும் மன்னர்களும் வரிசையில் நிற்பார்கள். வரகும் கம்பும் விதைத்து அந்த ஜமீனுக்குத் தீர்வை கட்டிய குடிகள் களத்து மேட்டில் என்ன பாடினார்கள் என்பதைச் சொல்வது அதன் வேலையாக இருக்கவில்லை. முதலியாரைக் குறைசொல்வதற்கில்லை; ஏட்டில் இருந்ததை அவர் தொகுத்தார்.

அடுத்து வந்தது தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்', 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள். அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன் தாமே பாட்டுக் கட்டியவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் கச்சேரிகளில் கேட்கிறோம். நாட்டுப்பாடல்களைத் திரட்டி அவர் வெளியிட்ட தொகுப்புக்கு 'காற்றில் வந்த கவிதை' என்று பெயர். பகலில் சான்றும் ஆண்டும் கேட்டுப் பிறர் கட்டுரைகளை அறுக்கிற கை, வேறொரு நேரத்தில் ஆசிரியர் பெயரே இல்லாத பாட்டை எழுதி வைத்துக்கொண்டிருந்தது என்பதை எண்ணினால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஆறுதல் தேவைப்பட்டதற்குக் காரணம் மாணவரின் கடைசிப் பத்தி. படத்தில் அந்தப் பாட்டுக்குப் பிள்ளைகள் வெயிலில் ஆடித் திரிவார்கள். தம் பாட்டி சிறுமியாக இருந்தபோது இத்தகைய விளையாட்டுகளுக்கென்று தனித்தனிப் பாட்டுகள் இருந்தன என்று கூறி, இரண்டை எழுதியும் வைத்திருந்தார். 'சான்று?' என்று எழுதி, பத்தி முழுவதற்கும் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். விதிப்படி அது சரி. விக்கிப்பீடியா, அச்சேறிய நம்பகமான ஆதாரத்தைக் கேட்கும். நேரடியாகக் கேட்டறிந்த புதுச் செய்தியை ஏற்காது. நான்கு பக்கங்களில் வேறெங்கும் கிடைக்காத செய்தி அந்தப் பத்தியில் மட்டுமே இருந்தது என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அவரை அழைத்து, நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலைக் கொடுத்தேன். பாட்டுகளின் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் குறிக்கப்பட்டிருப்பதைக் காட்டினேன். விளாத்திகுளம் வட்டாரத்தில் எஸ்.எஸ். போத்தையா அப்படி ஊர் ஊராகச் சென்று சேகரித்தவர். கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோதும், பேச்சில் மட்டும் உயிரோடிருந்த சொற்களையே அச்சில் ஏற்றினார். இன்று அதைச் சான்று காட்டி நாம் ஆய்வேடு எழுதுகிறோம். "கலைக்களஞ்சியத்தில் நேராகப் போடாதே தம்பி. முதலில் பாட்டியிடம் முழுவதையும் கேட்டு, பாடியவர், ஊர், தேதி எல்லாம் குறித்துத் தனிக் கட்டுரையாக எழுது. நல்ல இதழ் ஒன்றில் அது வரட்டும். பிறகு அதை எடுத்துக்காட்டி இந்தப் பத்தியை யாரேனும் சேர்ப்பார்கள்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நோட்டுடன் வந்தார். பதினொரு பாட்டுகள். முன்பு எழுதிய இரண்டில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. பாட்டி இந்த முறை அப்படித்தான் பாடினாராம். எது சரி என்று கேட்டதற்கு, "ரெண்டும்தேன்" என்றாராம். நோட்டின் முதல் பக்கத்தில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தார். அதை அடித்து அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன்.