சீருடை அணிந்த பொறியாளர்

போர்க்கள அனுபவமே படைத்தலைவருக்குப் போதும் என்ற எண்ணத்தை ஏவுகணைக் காலம் மாற்றியது. ஜெனரல் பெர்னார்ட் ஷ்ரீவரின் வாழ்வு அதற்குச் சான்று. 1910இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்த அவர், 1917இல் அமெரிக்காவில் குடியேறினார். டெக்சஸில் பொறியியல் பயின்று இராணுவ விமானியானார். 1942இல் ஸ்டான்ஃபோர்டில் வானூர்திப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் பசிபிக் போர்முனையில் பணியாற்றினார்.

1954இல் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைத் திட்டம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட்டில், முன்பு பள்ளியாக இருந்த கட்டடத்தில் பணி தொடங்கியது. அறிவியலாளரின் மொழியையும் படையினரின் தேவையையும் ஒருங்கே அறிந்திருந்தமையால், இரு தரப்பாரையும் அவரால் இணைத்து நடத்த முடிந்தது.

அத்திட்டத்தில் நிறைவேறிய அட்லஸ், அணு ஆயுதம் ஏந்தவே உருவாக்கப்பட்டது. 1962இல் ஜான் கிளென்னைப் புவியின் சுற்றுப்பாதைக்கு ஏற்றிச் சென்றதும் அட்லஸே. ஏவுகணையைச் செய்யப் பொறியியல் போதும். அதன் முனையில் எதை வைப்பது என்று தீர்மானிப்போர்க்கு வரலாறும் அறமும் தெரிந்திருக்க வேண்டும்.